பழங்காசுப் பெட்டி: தாத்தா கையிலிருந்து பேத்தி கைக்குப் போகும்வரை தாங்குமா?

மலேசிய இணையக் கடைகளில் "நாணயச் சேகரிப்பு ஆரம்பத் தொகுப்பு" என்று தேடினால் வரும் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். செயற்கைத் தோல் போர்த்திய ஓர் ஆல்பம், வட்டமான பிளாஸ்டிக் உறைகள், ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளைப் பருத்திக் கையுறை, இரும்புச் சாமணம், பளபளப்பாக்கும் துணி. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்க வசதியான பொருள். பள்ளி விடுமுறையில் தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்து காசு பார்க்க இதுவே போதும் என்றுதான் தோன்றும்.

பழங்காசுக்கு இது போதாது. உள்ளே இருக்கும் சில பொருள்கள் காசைக் கெடுக்கவும் செய்யும். புழக்கத்தில் உள்ள சென் நாணயங்களை அடுக்கி வைப்பது ஒரு வேலை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய, மண்ணுக்குள் கிடந்து வந்த ராஜராஜன் செப்புக்காசை வைத்துக் காப்பது முற்றிலும் வேறு வேலை. அதனால் இந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: கோலாலம்பூர், பினாங்கு ஈரக்காற்றில் ஒரு செப்புக்காசு முப்பது ஆண்டு கெடாமல் இருந்து, தன் விவரத்தோடு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர இது உதவுமா?

அந்த அளவுகோலில் ஆறு பொருளில் தேறுவது வட்ட உறை ஒன்றுதான், அதுவும் பாதிக் காசுகளுக்கு மட்டும். மற்றவற்றைத் தனித்தனியாக வாங்குவதே நல்லது. மொத்தச் செலவு 150 ரிங்கிட்டை ஒட்டி முடிந்துவிடும். கடைக்குக் கடை விலை மாறும்.

முதலில் ஆல்பம். இதில்தான் பெரிய ஆபத்து. பக்கங்கள் வளைந்து கொடுக்கும்படி மென்மையாக இருந்து, திறந்ததும் புதுக் குளியலறைத் திரைச்சீலை போல மணம் வந்தால் அது நெகிழியூட்டி (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் வேதிப்பொருள்) சேர்த்த பிவிசி. நம் ஊர் வெப்பத்தில் அந்தப் பிவிசி மெல்லச் சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும், நெகிழியூட்டியும் எண்ணெய்போலக் கசியும். இரண்டும் சேர்ந்து காசின்மேல் பிசுபிசுப்பான பச்சைப் படலமாகப் படியும். செம்பிலும் வெள்ளியிலும் இது சீக்கிரம் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கலப்பில்லாத அசிட்டோனில் காசை ஊறவைத்து நீக்கிவிடலாம். கண்ணாடிக் கிண்ணத்தில், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி, பெரியவர்தான் செய்ய வேண்டும். நகச்சாயம் நீக்கும் திரவம் இதற்கு உதவாது. அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். படலம் உலோகத்தையே அரித்துவிட்டால் அந்தத் தடம் போகவே போகாது.

பிவிசியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. செப்புக் கம்பியின் நுனியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, ஆல்பப் பக்கத்தின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். சுடர் பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே, புகையை மூச்சில் இழுக்காமல், குழந்தை எட்ட நிற்கச் செய்ய வேண்டிய சோதனை இது.

ஆல்பத்துக்குப் பதில் இரட்டைப் பையுள்ள மைலார் உறையை வாங்குங்கள். இரண்டு அங்குலச் சதுரம், நடுவில் மடிப்பு. ஒரு பக்கத்தில் காசு, மறுபக்கத்தில் அதன் விவரம் எழுதிய சீட்டு. மைலார் என்பது நெகிழியூட்டி சேராத பாலியெஸ்டர் படலம். மடிப்பில் விறைப்பாக இருக்கும், பலமுறை திறந்து மூடினால் விளிம்பு பிளக்கும். இத்தனை குறை இருந்தும் எங்கள் தேர்வு இதுதான், ஏனென்றால் காசும் அதன் சீட்டும் இதில் பிரிவதே இல்லை. காசைச் செருகும்போது உறையின் வாயை விரல்களால் அகட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். விறைத்த ஓரம் காசின் முகத்தில் உரசினால் கீறல் விழும்.

அட்டையில் வட்டத் துளையிட்டு, மடித்து, நான்கு பக்கமும் ஸ்டேப்பிள் அடிக்கும் உறை விலை குறைவு. பழங்காசுக்கு அது ஒத்துவராது. அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஸ்டேப்பிள் நம் காற்றில் துருப்பிடிக்கும், அதன் முனை பக்கத்துக் காசைக் கீறும். பசையால் ஒட்டும் வகையில் பசை இளகி வெளியே வழியும். தடித்த காசு வைத்தால் படலம் இழுபட்டுக் கிழியும். வேறு வழியில்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்பிளைப் போட்டு, முனைகளைக் குறடால் தட்டையாக அழுத்திவிடுங்கள்.

வட்ட உறைகள் வட்டமான நவீனக் காசுகளுக்கு நன்றாகப் பொருந்தும். நீரிணைக் குடியேற்ற நாடுகளின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) வெள்ளி டாலர், பிரிட்டிஷ் இந்திய ரூபாய் போன்றவற்றுக்கு அளவு பார்த்து வாங்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1903, 1904 டாலர் 37 மி.மீ., எடை குறைத்து அச்சிட்ட 1907 டாலர் 34 மி.மீ., ரூபாய் 30.5 மி.மீ. ஆனால் சங்ககாலப் பாண்டியரின் யானைக் காசும் சோழரின் புலிக் காசும் சதுரச் செப்புக்காசுகள். ராஜராஜன் காசும் சரியான வட்டமாக இருக்காது. உறைக்குள் காசு ஆடினால் அதன் மேடான பகுதிதான் முதலில் தேயும். இவற்றுக்கு 50 மி.மீ. சதுர உறை, உள்ளே கறுப்பு நுரைச் சட்டம் உள்ள வகையை வாங்கி, காசை வெள்ளைத் தாளில் வைத்து வரைந்துகொண்டு, அந்த வடிவத்தில் நுரையைக் கூரான கத்தியால் வெட்டிக்கொள்ளலாம். தாத்தா வெட்ட, பேத்தி வரைந்துகொடுக்க ஏற்ற வேலை.

பருத்திக் கையுறை வேண்டாம். அது வழுக்கும், விரலில் தொடு உணர்வைக் குறைக்கும், காசு கைநழுவி விழும். மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை சிறியவர்களுக்கும் கையோடு ஒட்டி நிற்கும். இல்லாவிட்டால் கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு, காசின் விளிம்பை மட்டும் பிடிக்கப் பழக்கினால் போதும். மேசைமேல் மடித்த துண்டை விரித்துக்கொண்டு, அதன்மேல்தான் கையாள வேண்டும். சிமென்ட் தரையிலும் ஓடு பதித்த தரையிலும் விழுந்தால் உட்புறம் அரித்துப்போன பழைய வெள்ளிக்காசு இரண்டாக உடையும். இரும்புச் சாமணத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துத் தனியே போட்டுவிடுங்கள்.

பளபளப்பாக்கும் துணியையும் அப்படியே. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவார்கள், சாம்பலோ விபூதியோ வைத்துத் தேய்ப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் காசுக்கும் வந்துவிடுகிறது. புளியின் அமிலம் காசின் மேலிருக்கும் கரும்பச்சைக் களிம்பை முழுக்க அரித்துவிடும். அந்தக் களிம்புதான் காசின் தோல். எழுத்தும் உருவமும் பல காசுகளில் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கின்றன. அது போனால் குழிவிழுந்த, இளஞ்சிவப்பான செப்புத் தகடு ஒன்று மிஞ்சும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆயிரம் ஆண்டு அழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாளடைவில் கெட்டு, காசின்மேல் பிசினாக இறுகும்.

பூதக்கண்ணாடிக்கு வருவோம். தொகுப்பில் வருவது "30 மடங்கு" என்று பொறித்திருக்கும், ஆனால் பார்த்தால் ஓரமெல்லாம் வளைந்து நிறம் பிரியும். காசுக்கு வேண்டியது 10 மடங்கு, மூன்று கண்ணாடி ஒட்டிய வகை. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, காசை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. வயதானவருக்குக் கை நடுங்கினால் 10 மடங்கு சரிவராது. மேசையில் நிற்கும் 3 மடங்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு சிறு விளக்கு, அது போதும். கணினியில் செருகும் சிறு நுண்ணோக்கி ஒன்று இருந்தால் மூன்று தலைமுறையும் ஒரே திரையைப் பார்த்துப் பேசலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே அதைப் பரிந்துரைக்கிறோம். விளக்கு மேலிருந்து நேராக விழக்கூடாது. பக்கவாட்டில், தாழ்வாக வைத்துக் காசை மெல்லத் திருப்பினால் தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழும்பும்.

தொகுப்பில் இல்லாத, ஆனால் கட்டாயம் வேண்டிய பொருள் தராசு. 0.01 கிராம் காட்டும் சிறு மின்தராசு போதும். அதை நம்பலாமா என்று பார்க்கச் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையே உதவும். மூன்றாம் தொடர் மலேசிய 20 சென் நாணயம் 4.18 கிராம், குறுக்களவு 20.6 மி.மீ. பத்து நாணயம் சேர்த்து வைத்தால் 41.8 கிராமுக்கு அருகில் காட்ட வேண்டும். ராஜராஜன் செப்புக்காசும் ஏறக்குறைய நான்கு கிராம், அதே அகலம்தான். இன்றைய 20 சென் நாணயத்தையும் பதினோராம் நூற்றாண்டுக் காசையும் அடுத்தடுத்து நிறுத்திக் காட்டினால் குழந்தைக்கு அளவு மனதில் நிற்கும். காசை இரு தாடைக்கு நடுவில் பிடித்து அகலம் பார்க்கும் அளவுகோல் (காலிப்பர்) வாங்கும்போது பிளாஸ்டிக் தாடை உள்ளதை வாங்குங்கள். எஃகுத் தாடை விளிம்பைக் கீறும்.

தராசு கைக்கு வந்துவிட்டால் போலிகளில் பாதி அங்கேயே பிடிபடும். நம் வட்டாரத்தில் அதிகம் போலி செய்யப்படும் காசுகளில் ஒன்று பிரிட்டிஷ் வர்த்தக டாலர். அசல் 26.95 கிராம், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. எடையைச் சரியாகச் செய்த போலியை நீரில் நிறுத்துப் பிடிக்கலாம். தராசின்மேல் ஒரு கிண்ணம் நீர் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, மெல்லிய நூலில் கட்டிய காசை நீரில் முழுதும் மூழ்கும்படி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிட வேண்டும். அசல் வெள்ளியென்றால் தராசு 2.6 கிராமை ஒட்டிக் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 3 கிராமைக் காட்டும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழியை முதலில் விரலால் தட்டி நீக்காவிட்டால் கணக்குத் தவறும். வலிய காந்தமும் உதவும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது, ஆனால் சரிவாகப் பிடித்த வெள்ளிக்காசின்மேல் சிறு காந்தத்தை விட்டால் அது தயங்கித் தயங்கி இறங்கும். இந்த ஒன்றைக் காட்டினால் போதும், பிள்ளைகள் வீட்டில் உள்ள எல்லாக் காசையும் கொண்டுவந்துவிடுவார்கள்.

விரிசலும் நுண்துளையும் உள்ள பழஞ்செப்புக்கு இந்த நீர்ச்சோதனை சரிவராது. அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். விளிம்பைச் சுற்றி ஓடும் மெல்லிய தையல்கோடு, எழுத்தின் ஓரம் சோப்புபோல மழுங்கியிருப்பது, மேற்பரப்பில் நுண்ணிய குமிழிகள், இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் ஆகிய நான்கும் வார்ப்புப் போலியின் அடையாளங்கள்.

இனி ஈரம். கோலாலம்பூரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஜார்ஜ்டவுனில் கடற்கரைப் பக்கத்து வீடானால் காற்றில் உப்பும் சேர்ந்துகொள்ளும். மண்ணில் கிடந்த செப்புக்காசுக்குள் குளோரைடு ஏற்கெனவே புகுந்து குப்ரஸ் குளோரைடாகப் படிந்திருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் அது வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கும். பொங்கும்போது அமிலம் உண்டாகி, மிச்சமிருக்கும் செம்பைத் தின்னும், அது மறுபடி குளோரைடாகும். இப்படியே சுற்றிச் சுற்றி நடக்கும். சேகரிப்பாளர்கள் இதை வெண்கல நோய் என்பார்கள். கெட்டியான கரும்பச்சைக் களிம்பையும் இதையும் பிரித்தறிய ஒரு பல்குத்தும் குச்சி போதும். களிம்பு குச்சிக்கு அசையாது. நோய் வெளிறிய தூளாக உதிரும், உதிர்த்த இடத்தில் சில வாரத்தில் மறுபடி பூக்கும்.

ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் நோய் அடங்கிக் கிடக்கும். அதற்கு இரண்டு வழி: அடைத்த டப்பாவும் சிலிக்கா ஜெல்லும், அல்லது புகைப்படக் கருவி வைக்கும் மின்சார உலர்பெட்டி.

நூறு காசுக்கு உட்பட்ட குடும்பத்துக்கு முதல் வழியே மேல். சமையலறைப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் 5 லிட்டர் பாலிப்ரொப்பிலீன் டப்பா, மூடியில் சிலிக்கோன் வளையம், நான்கு பக்கமும் பூட்டு. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கும். லிட்டருக்கு 20 கிராம் என்ற கணக்கில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி உள்ளே வைக்க வேண்டும். நீலநிற மணிகளை வாங்க வேண்டாம். அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, குழந்தை கைபடும் இடத்தில் இருக்கக்கூடாத நஞ்சு. ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகை கிடைக்கும். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி, அடுப்பறை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் மறுபடி பயன்படும். அதற்குமேல் சூடேற்றினால் நிறமி கெட்டுவிடும். ஆறும்வரை மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறுவதற்குள் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்துவிடும்.

டப்பாவுக்குள் ஒரு சிறு ஈரமானி இருக்க வேண்டும். மலிவான ஈரமானிகள் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ தவறிக் காட்டும், அதனால் வாங்கிய அன்றே சரிபார்க்க வேண்டும். புட்டி மூடி ஒன்றில் உப்பை நிரப்பி, சில சொட்டு நீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள், கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி ஓர் இரவு வைத்தால் மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்து கூட்டிப் படிக்க வேண்டும். அந்தத் திருத்தத்தை ஈரமானியின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைப் படிக்கப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

மின்சார உலர்பெட்டி அழகாக இருக்கும், கண்ணாடிக் கதவு வழியே காசைப் பார்க்கலாம். சேகரிப்பு பெருகிவிட்டால் வாங்கலாம். 35க்கும் 40க்கும் இடையில் வைக்க வேண்டும். 30க்குக் கீழே போனால் சீட்டுத் தாள் சுருளும். கதவின் ரப்பர் வளையம் தளர்ந்தால் உள்ளே எண் சரியாக இருப்பதுபோலக் காட்டிக்கொண்டே ஈரம் ஏறும், அதனால் தனி ஈரமானி இங்கும் தேவை. இரண்டு வாரம் கம்போங்குக்கோ தமிழ்நாட்டுக்கோ போகும்போது வீட்டு மின்சாரத்தை முழுதும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள், உள்ளே ஒரு பை சிலிக்கா ஜெல்லும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

பெட்டி இருக்குமிடமும் முக்கியம். சமையலறையும் குளியலறைப் பக்கச் சுவரும் ஆகாது. சாமி மேடைக்குக் கீழுள்ள இழுப்பறையும் ஆகாது, விளக்குக் கரியும் கற்பூரப் புகையும் படியும். இரவெல்லாம் ஏர்கோன் ஓடிக் காலையில் அணையும் அறையில் திறந்த தட்டில் காசை விட்டால், சன்னல் திறந்ததும் குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரம் கோக்கும். மரப்பெட்டி பார்க்க மங்களமாக இருந்தாலும், மரமும் அழுத்தப் பலகையும் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். மலாய் மாநிலங்களின் பழைய வெள்ளீயக் காசுகளில் ஈயக் கலப்பு உண்டு. ரப்பர் பட்டையால் காசுக் கட்டைச் சுற்றி வைப்பதும் கூடாது, ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

நோய் கண்ட காசை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். தூளைப் பல்குத்தும் குச்சியால் நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வாரக்கணக்கில் விட வேண்டும். குழாய்நீரில் குளோரின் உண்டு, அது கூடாது. கடைசியாக அசிட்டோனில் ஒருமுறை முக்கி ஈரத்தை வெளியேற்றி, உலர்த்தி, தனி டப்பாவில் ஒரு மாதம் கவனிக்க வேண்டும். மறுபடி பூத்தால் அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநர்கள் கையாளும் மருந்துகள் உண்டு. அவை நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை அல்ல.

இத்தனையும் காசைக் காக்கும். விவரத்தைக் காப்பது சீட்டு. எந்தத் தொகுப்பிலும் அது வருவதில்லை, எங்கள் பெரிய குறை அதுதான். சேகரித்தவர் போனபின் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தால் கிடைப்பது ஒரு குவியல் செம்பு. எது எங்கே வாங்கியது, எது பாட்டன் கப்பலில் வரும்போது இடுப்பில் முடிந்து வந்தது, எது நேற்றுச் சந்தையில் ஐந்து ரிங்கிட்டுக்கு எடுத்தது என்று சொல்ல ஆளிருக்காது. அமிலமில்லாத தாளை நாலரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, பென்சிலால் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா மை காலத்தில் ஊறிப் பரவும். சீட்டில் இவ்வளவு வேண்டும்: வரிசை எண், உலோகம், எடை, அகலம், தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துத் திருப்பினால் பூப்பக்கம் எத்தனை மணித் திசையில் நிற்கிறது, இரண்டு பக்கமும் என்ன தெரிகிறது, யாரிடமிருந்து எப்போது எவ்வளவுக்கு வந்தது. அதே எண்ணோடு ஒரு குறிப்பேடு. குறிப்பேட்டில் எழுதுகிற வேலையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். தாத்தா சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து, கோப்பின் பெயராக அந்தக் காசின் எண்ணையே வையுங்கள்.

"என்ன தெரிகிறது" என்ற வரிதான் பிள்ளைகளை இழுக்கும் இடம். ராஜராஜன் காசில் ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் வலப்புறத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீராஜராஜ. இதே வடிவத்தில் இலங்கை மன்னர்கள் பலரும் காசு அடித்தார்கள், பெயர் மட்டும் மாறும். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன், மூன்றுமுறை அரியணை ஏறிய அரசி லீலாவதி என்று அந்த வரிசை நீளும். விற்பவர்கள் எல்லாவற்றையும் ராஜராஜன் என்றே சீட்டு ஒட்டிவிடுவார்கள். லீலாவதி காசும் ஸ்ரீராஜ என்றுதான் தொடங்கும், அதனால் ஸ்ரீக்கு அடுத்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ராவும் ஜவும் இரண்டாவது முறையும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாகரி தெரியாத பத்து வயதுப் பிள்ளைகூட நான்கு எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்துவிடும்.

தமிழ் எழுத்தே வேண்டுமென்றால் யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் காசு இருக்கிறது. படுத்த காளை, அதன் கீழே சேது என்று இரண்டே எழுத்து. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளை கொஞ்சம் உதவினால் வாசித்துவிடும். பிற்காலப் பாண்டியரின் சோணாடு கொண்டான் காசு அடுத்த படி.

சேகரிப்பைத் தொடங்கும் முன் கோலாலம்பூர் சாசானா கீஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். நுழைவு இலவசம். நாணயவியல் கூடத்தில் வெள்ளீய முதலைக் காசும் பித்திஸ் என்ற சிறு வெள்ளீயக் காசுகளைக் கிளைகிளையாக வார்த்த மரமும் கிளந்தானின் தங்கக் கீஜாங் காசும் பார்க்கலாம். அந்தக் கீஜாங் மான்தான் மத்திய வங்கியின் சின்னம். இந்தியக் காசுகளின் திமில் காளையிலிருந்து அது வந்திருக்கலாம் என்று ஒரு கருத்தும் உண்டு. சேதுக் காளையின் படத்தைக் கையோடு கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பினாங்குக் குடும்பங்கள் 1787ஆம் ஆண்டுச் செப்புக்காசையும் 1788ஆம் ஆண்டு வெள்ளிக்காசையும் பற்றிப் படித்துவிட்டுப் போனால் பயன் அதிகம். கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை ஒரு பக்கம், ஜாவி எழுத்து (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) மறுபக்கம்.

பாட்டியின் காசுமாலையைக் கோத்ததை அவிழ்க்க வேண்டாம். வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பு மதிப்புக் குறைவுதான், ஆனால் மாலையே ஒரு வரலாறு. அப்படியே நிறுத்து, படமெடுத்து, ஒரே எண்ணில் பதிந்துகொள்ளுங்கள். அசல் சவரன் என்ற பிரிட்டிஷ் தங்கக்காசு 7.98 கிராம். நாம் தங்கத்தைச் சவரன் கணக்கில் எண்ணுவது இந்தக் காசால்தான் என்று அப்போது சொல்லிக்கொடுக்கலாம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுக்குப் போய்வரும்போது கோயில் தெருவில் பழங்காசு வாங்கிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், தனியாள் அதை நாட்டைவிட்டு வெளியே எடுத்துச் செல்ல முடியாது. இங்கும் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் உண்டு. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் தோட்டத்தில் மண்வெட்டியில் ஒரு காசு தட்டுப்பட்டால் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். காசு மண்ணில் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. இங்குள்ள கடையில் வாங்கும்போது ரசீது கேளுங்கள். அது ஏற்கெனவே மலேசியாவில் இருந்த பழைய சேகரிப்பிலிருந்து வந்ததா என்று எழுதி வாங்கி, சீட்டோடு அதே எண்ணில் வையுங்கள்.

ஆகவே வாங்க வேண்டியவை: மைலார் இரட்டைப் பை உறை ஐம்பது, சதுர நுரை உறை பத்து, 0.01 கிராம் தராசு, பிளாஸ்டிக் தாடை அளவுகோல், 10 மடங்குக் கண்ணாடி, 5 லிட்டர் டப்பா, ஆரஞ்சு சிலிக்கா ஜெல் 200 கிராம், ஈரமானி, நைட்ரைல் கையுறை, ஒரு குறிப்பேடு, இரண்டு பென்சில். ஜெல் 200 கிராம் எதற்கென்றால், ஒரு பை ஓவனில் உலரும்போது மறு பை டப்பாவுக்குள் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து ஜெல்லின் நிறத்தையும் ஈரமானியையும் பார்த்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுத வேண்டும். அந்தப் பக்கம் பேத்தியின் பொறுப்பு.